பதினேழாவது குழாய்

பஞ்சர் கடை வாசனை பட்டால் எனக்கு இன்றைக்கும் வாயில் உப்புக் கரிக்கிறது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு கடை. கடைக்காரன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் திருப்பித் திருப்பிக் குமிழி பார்ப்பான். அந்த சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறினதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். சிரிக்காதீங்க. பேய், ஆவி, காத்து கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆடி மாசம் எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் அம்மன் வந்து ஆடுகிறவனைப் பார்த்தால், இவன் லீவு சொல்லிட்டு வந்தானா சொல்லாம வந்தானா என்றுதான் எனக்குத் தோன்றும். அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

என் வேலை காற்றுக்குக் காவல் இருப்பது. ஒரகடம் ரோட்டுப் பெரிய கம்பெனிகளுக்கு நடுவே சின்ன யூனிட் எங்களுடையது. கடலுக்குள் முக்குளிக்கப் போகிறவர்கள் இடுப்பில் சுருட்டி வைத்துக்கொள்கிற ஆரஞ்சுக் குழாய் செய்கிறோம். மேலே வரும்போது படகைக் காணோம் என்றால், மிதந்துகொண்டே அதை வாயால் ஊதி நிமிர்த்த வேண்டும். ஆள் உயரத்துக்கு நிற்கும். தூரத்துப் படகுக்கு மனுசத் தலை ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியாது, குழாய் தெரியும். பெரும்பாலும் கடலைச் சரியாகப் பார்த்திராத நாங்கள், லாரிப் புழுதிக்கு நடுவே உட்கார்ந்து, கடலில் தொலைந்தவனுக்கு உயரம் செய்துகொண்டிருக்கிறோம்.

ஒட்டி வருகிற குழாய்களில் கம்ப்ரஸர் காற்று அடைத்து, அடியில் கிளிப் போட்டு, ஸ்டாண்டில் முப்பது முப்பதாக நிறுத்துவேன். ஒரு மணி நேரம் நின்றால் பாஸ். தலை சாய்ந்தால் கழிவு. கழிவை யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி கத்தரியால் குறுக்கே வெட்டித்தான் தொட்டியில் போட வேண்டும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் குழாய்க்குள் பவுடர் தூவியிருக்கும். அதைச் சுவாசித்துச் சுவாசித்து எனக்குப் பல வருசமாக வறட்டு இருமல்.

ஒட்டுகிற மெஷினில் மெர்சி. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர், சுங்குவார்சத்திரத்தில் நாலு பெண்களோடு ரூம். தம்பி ரூபன் புதுச்சேரியில் டூரிஸ்ட்டுகளை முக்குளிக்கக் கூட்டிப்போகிறவன். ஒரு நாள் கேட்டாள்: "அண்ணே, நான் ஒட்டுனதுல ஒண்ணு குடுங்களேன். தம்பி ரூமுல மாட்டி வைக்கட்டும். அக்கா என்ன வேலை பாக்கான்னு அந்தப் பயலுக்குத் தெரியவே மாட்டேங்கு."

அன்றைக்குக் கழிந்த ஒன்றை வெட்டாமல் சுருட்டி அவள் பைக்குள் வைத்தேன். மயிரிழைக் கசிவு, இருபத்தைந்து நிமிஷத்தில் தலை சாயும். மாட்டி வைக்கத்தானே என்று அதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ரூபன் அதை மாட்டி வைக்கவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனான்.

போனெல்லாம் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பத்து மணி டீ பிரேக்கில் மெர்சி லாக்கரைத் திறந்தபோது வரிசையாக மிஸ்டு கால். எட்டு மணிக்கு முங்கினவர்கள் முங்கின இடத்தில் எழவில்லையாம். நீரோட்டம் இழுத்துப் போயிருக்கிறது, படகு தேடிக்கொண்டிருக்கிறது. ரூபனோடு டூரிஸ்ட் ரெண்டு பேர்.

சூப்பர்வைசர் தணிகாசலம் ஓடி வந்தார். "இன்னாமா, கெளம்புறியா? வண்டி சொல்றேன்."

"கரையில போயி நின்னு என்ன சார் செய்ய?"

"சரி, போனைக் கையில வச்சிக்கினு இரு. யார்னா கேட்டா நான் பாத்துக்குறேன்."

அவள் நேரே என்னிடம் வந்தாள். "அண்ணே, நாம குடுத்த குழாயைத்தான் கொண்டு போயிருக்கானாம். எவ்வளவு நேரம் நிக்கும்?"

"நிக்கும்மா," என்றேன். அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போய், யாரோ கழற்றி வைத்த கை மாதிரி என் கை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையோடுதான் அடுத்த முப்பதை நிறுத்தினேன்.

பதினேழாவது சாய்ந்தது.

எடுத்துத் தண்ணீரில் முக்கினேன், ஒரு குமிழி இல்லை. திரும்பக் காற்று அடைத்தேன், சாய்ந்தது. கிளிப்பை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், சாய்ந்தது. மூன்றாவது தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷம். அப்படியே கழிவுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

மெர்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்து அதைக் கழற்றி மூடியைத் திருகி வாயை வைத்து ஊதினாள். எங்கள் யூனிட்டில் யாரும் வாயால் ஊத மாட்டார்கள்.

"மெஷின் கீதேம்மா," என்றேன்.

"அங்க அவனுக்கு மெஷினா இருக்கு?"

பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. ஷிஃப்ட் மாறியது, பஸ் போனது, யாரும் எங்களைக் கிளம்பச் சொல்லவில்லை. சாயும், ஊதுவாள், நிற்கும், சாயும். உதடு வெடித்து அவளால் முடியாதபோது நான் வாங்கி ஊதினேன். பாதியில் இருமல் வந்து அறுக்கும், இருமிவிட்டு மறுபடி ஊதுவேன். வாயெல்லாம் உப்பு. அவள் கண்ணீராக இருக்கும் என்று நினைத்தேன். அவள் அழவே இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

தணிகாசலம் வந்து, "இன்னா பாஸ்கரு, பைத்தியமா புட்ச்சிருக்கு?" என்றார். நாங்கள் ஊதுவதைப் பார்த்தார். போய் ரெண்டு டீ கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாலு மணிக்கு நான் ஊதினதுதான் கடைசி. இருபத்தைந்து நிமிஷம் ஆனது, சாயவில்லை. முப்பது. நாற்பது. ஸ்டாண்டில் மற்றவற்றோடு ஒன்றாக நின்றது. எங்களுக்கு இனி வேலை இல்லை என்கிற மாதிரி. அவளும் நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. மீன்பிடிப் படகு ஒன்று மூன்று பேரையும் ஏற்றிவிட்டது, நாலு மணிக்கு மேல். தண்ணீரில் யாரோ ஆரஞ்சுச் சட்டை போட்டு நிற்கிற மாதிரி தெரிந்ததாம்.

பிறகு அவள் ரூபனுடைய குழாயை வாங்கிவந்தாள். மூன்று தடவை நிறுத்திப் பார்த்தேன். மூன்று தடவையும் இருபத்தைந்து நிமிஷம். வெட்டித் தொட்டியில் போட்டேன்.

நாலு மாசம் கழித்து, புதுச்சேரியிலேயே வேலை கிடைத்ததென்று மெர்சி கிளம்பினாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்வரை ஷேர் ஆட்டோவில் கூடப் போனேன். பிளாட்பாரத்தில்தான் எனக்கு வாய் வந்தது. "அது கழிஞ்ச குழாய்மா. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்ணே. விடுங்க."

ரயில் வந்தது. ஏறி, பையை உள்ளே தள்ளிவிட்டு, வாசலிலேயே நின்றாள்.

"தம்பி ஒரே தடவைதான் ஊதுனானாம். பெறவு ரெண்டு கையிலயும் ரெண்டு பேரப் பிடிச்சிருந்தான், ஊத வழியே இல்ல. குழாய் சாயப் போகும், தானா நிமிருமாம். அதுல காத வச்சுக் கேட்டுக்கிட்டே கெடந்திருக்கான்." வண்டி நகர்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"இங்க நடந்தத நான் அவங்கிட்ட ஒண்ணுமே சொல்லலண்ணே! அவனாத்தான் கேக்கான்: 'நடுவுல இருமி இருமி ஊதுனாரே ஒருத்தரு, அவருக்கு இருமல் கொறஞ்சுதாக்கா'ன்னு."