போயிட்டு வரோம் என்று சொன்ன வீடுகள்

பெரம்பலூரில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வருஷம் குடியிருந்த கனடாக்காரத் தம்பதியால் எனக்கு வந்த ரத்தக் கொதிப்புக்கு இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டாக்டரிடமே அப்படித்தான் சொன்னேன்.

இருவருக்கும் எழுபதுக்கு மேல். அவர்கள் நாட்டுச் சபை மிஷனரிகளாக அனுப்பி வைத்திருந்தது. மிஷனரி என்றதும் ஆஸ்பத்திரி கட்டுவார்கள், பள்ளிக்கூடம் திறப்பார்கள் என்று எங்கள் சபையில் பலர் ஆவலாக இருந்தார்கள். இவர்கள் செய்ததெல்லாம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்ததுதான். படுக்கையில் கிடப்பவர்களுக்கு அந்த அம்மா நகம் வெட்டிவிடுவார். அந்த ஐயா ஆடுகிற கட்டில் காலுக்கு முட்டுக் கொடுப்பார், கிழிந்த கொசுவலையைத் தைப்பார். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும். "ரிட்டயர் ஆன இங்கிலீஷ் டீச்சர் வூட்ல சும்மாதானே இருக்கா, அவ கூட்டிட்டுப் போவா" என்று சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னவர் என் வீட்டுக்காரர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்களிடம் எதையும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அப்படியே பிடித்துக்கொள்வார்கள். கொடுக்கிற காபியை வேண்டாம் என்றால் மனம் சங்கடப்படுவார்கள் என்று முதல் வாரத்தில் சொல்லித் தொலைத்தேன். பாடாலூரில் ஒரே நாளில் ஏழு வீடு, ஏழு காபி. ஏற்கெனவே வெள்ளையாக இருந்த ஐயா ஏழாவது வீட்டில் இன்னும் வெளுத்துப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாதி குடித்துவிட்டு வைத்தால் போதும் என்று நீ சொல்லவில்லையே என்று அந்த அம்மா என்னையே கேட்டார். பத்து மணிக்குக் கல்யாணம் என்று பத்திரிகையில் இருந்தால் ஒன்பது ஐம்பதுக்கு மண்டபத்து வாசலில் நிற்பார்கள். உள்ளே நாற்காலி பிரித்துப் போடுகிறவர் மட்டும் இருப்பார். ஐயா அவரோடு சேர்ந்து நாற்காலி போட ஆரம்பித்துவிடுவார். பெண் வீட்டார் வந்து என்னை முறைப்பார்கள்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். 'போயிட்டு வரோம்' தான் என் உயிரை வாங்கியது.

ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லக்கூடாது, போயிட்டு வரோம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தேன். அர்த்தம் கேட்டார்கள். போய்விட்டுத் திரும்பி வருவோம் என்று சொன்னேன். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து எந்த வீட்டில் அப்படிச் சொன்னாலும் அந்த வீட்டின் அடையாளத்தை நோட்டில் எழுதி, கட்டாயம் திரும்பப் போனார்கள். இது சும்மா சொல்கிற மரியாதை, போக வேண்டியதில்லை என்று தலையால் அடித்துக்கொண்டேன். சொல்லிவிட்டோமே, போகாவிட்டால் பொய்யாகிவிடாதா என்று கேட்டார்கள். சிறுவாச்சூரில் வழி கேட்ட வீட்டுக்குக் கூட மறுவாரம் போனோம். அந்த வீட்டம்மாவுக்கு எங்களை யாரென்றே நினைவில்லை. அங்கேயும் காபி கொடுத்தார்கள்.

போன வருஷம் அரியலூரில் ஒரு வீட்டில் மகன் விபத்தில் இறந்துவிட்டான். துக்கம் கேட்கப் போனோம். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேரும்போதே எனக்குத் தலைவலி. அரை மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் நின்று கைகூப்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "போயிட்டு வரோம்!" என்றார்.

வீட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் இருந்த ஒரு பெண் வாய்விட்டே சொன்னாள்: "இன்னொரு சாவுக்கு வரணுங்கிறாங்களா?" எனக்கு மானம் போயிற்று. பஸ்ஸில் ஏறியதும் இருவரையும் பிடித்துக்கொண்டேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்க வேண்டாம், கை காட்டவும் வேண்டாம். சிறு குழந்தைக்குக் கூடத் தெரியும் என்றேன். நோட்டு வெளியே வந்தது. எழுதி முடித்துவிட்டு அந்த அம்மா கேட்டார், அப்படியானால் அவர்கள் தனியாக விடப்பட்டதாக நினைக்க மாட்டார்களா? மாட்டார்கள், பேசாமல் வாருங்கள் என்றேன்.

சொன்னது சொன்னதுதானே என்று மறுமாதம் அந்த வீட்டுக்கும் திரும்பப் போனார்கள். அடிக்க வருவார்கள் என்று நான் பயந்துகொண்டே கூடப் போனேன். பையனின் தாய் மட்டும் இருந்தாள். காரியம் முடிந்த பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லையாம். ஒரு மணி நேரம் மகனைப் பற்றியே பேசினாள். நான் மொழிபெயர்ப்பதைப் பாதியில் விட்டுவிட்டேன். அதற்கு அவசியம் இருக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நான் சொன்னது தப்பாகிவிட்டதே.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் அவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. தினமும் சாயங்காலம் அந்த ஐயாவோடு டீக்கடைக்குப் போவார். இவருக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டால், "ரெண்டு பேருக்கும் முட்டி வலி. அதைப் பத்திப் பேசுவோம்" என்பார்.

இந்த வருஷம் அவர்களுடைய விசா முடிந்தது. இத்தனை வயதில் சபை மறுபடி அனுப்புமா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் தினமும் என்னை நச்சரித்தார்.

"திரும்ப வருவாங்களான்னு கேளேன்."

"நீங்களே கேளுங்க."

"எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வருமா? நீ கேட்டுச் சொல்லு."

"போனா நிம்மதின்னு இருக்கேன். நான் ஏன் கேக்கணும்?"

பொய். கேட்டால், அவர்கள் போவது எனக்குப் பிடிக்கவில்லை என்பது வெளியே தெரிந்துவிடும். இரண்டு வருஷம் திட்டிக்கொண்டே திரிந்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது?

அவர்கள் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் பல் தேய்க்கப் போன என் வீட்டுக்காரர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் அடக்கம். அந்த ஐயா கல்லறை வரை பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார், அந்த முட்டியோடு. அந்த அம்மா இரண்டு நாளும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நகவெட்டியை எடுத்து நகம் வெட்டிவிட்டார். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

மூன்றாம் நாள் நாலு மணிக்குத் திருச்சி ஏர்போர்ட் போகக் கார் வந்தது. பெட்டிகளை யாரோ மாடியிலிருந்து இறக்குவது கேட்டது. இருவரும் எழுந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள், திரும்பியே பார்க்காமல், நான் கற்றுக்கொடுத்தபடியே.

இரண்டு வருஷத்தில் என்னிடம் மறு பேச்சுப் பேசாமல் அவர்கள் ஒன்றைச் செய்தது அதுதான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எழுந்து ஓடினேன். "ஏய், வெளிய போகாதடி, இப்பப் போகக் கூடாது" என்று என் நாத்தனார் பின்னால் கத்தினாள். வெறுங்காலோடு தெருவில் இறங்கிக் கார் கண்ணாடியைத் தட்டினேன்.

அந்த அம்மா கண்ணாடியை இறக்கினார். முகமெல்லாம் ஈரம். உதட்டில் விரலை வைத்து, தெரிந்த கொஞ்சம் தமிழில் என்னையே அதட்டினார்.

"டீச்சர், சொல்லக் கூடாது. சாவு வூடு."

"எனக்குத் தெரியும். சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சும்மா சொல்லிவிட்டுப் போகிற ஆட்களா அவர்கள்? தெருவில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐயா தலையை ஆட்டினார். "போயிட்டு வரோம்" என்றார்.

அந்த அம்மா உடனே கைப்பையைத் திறந்து நோட்டைத் தேடினார். மூக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. அதையும் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, மடியில் நோட்டை விரித்து, நிறுத்தி நிதானமாக எங்கள் வீட்டை எழுத ஆரம்பித்தார்.

"போற வழியில எழுதித் தொலைங்க, ப்ளேனுக்கு நேரமாச்சு!" என்று நான் அழுதுகொண்டே கத்தினேன்.