என்னைக் கூட்டி வரப் போனேன்

போடியில் என் மச்சானுடைய ஏலக்காய்க் கடையில், மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஒரு நடுவயதுக்காரன் பாய்லரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்ததை அந்த வருஷம் பார்த்தவர்கள் உண்டு. பார்த்துவிட்டு, சிலோனிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டார்கள். அந்த ஆள் நான்தான். எனக்குப் புத்தி சரியாகத்தான் இருந்தது. பயம்தான் கொஞ்சம் கூடுதல்.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். கல்லாவில் உட்கார்ந்தபடி அவர்தான் கேள்வி கேட்பார்.

"பாய்லர்னா என்ன மாப்ளே?"

"அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க மச்சான். எடுத்த எடுப்புல சேஃப்டி வால்வுக்குத்தான் போவாங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பாய்லர்னா என்னன்னு முதல்ல சொல்லுங்க. அதுக்கே முழிக்கிறீக."

உண்மை. அதற்கே முழித்தேன். முப்பது வருஷம் கூட இருந்த மனைவியைக் காட்டித் திடீரென்று யாராவது "இது யார்?" என்று கேட்டால் முழிப்போமே, அந்த மாதிரி.

கதை இதுதான். என் அப்பா போடிக்குப் பக்கத்து இராசிங்காபுரத்திலிருந்து சிலோன் தோட்டத்துக்குப் போனவர். நான் அங்கேயே பிறந்து, கொழும்பில் இஞ்சினியர் வேலை படித்தேன். படித்தேன் என்று சொன்னால் இங்கே உள்ளவர்கள் பெஞ்சும் கரும்பலகையுமாக நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே முதலில் ஐந்து வருஷம் பட்டறை. கரி அள்ளி, குழாய் தேய்த்து, போர்மேனிடம் உதை வாங்கி, சாயங்காலம் எண்ணெய்க் கையோடு வகுப்புக்கு ஓட வேண்டும். பரீட்சைக் கேள்வித்தாள் லண்டனிலிருந்து கப்பலில் வரும். நாங்கள் எழுதிய விடை கப்பலில் போகும். அது திருத்தப்பட்டுத் திரும்புவதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. பெயிலான செய்தி வந்தால் பெண்ணைத் திருப்பிக் கூட்டிப் போய்விடுவார்களோ என்று பயந்தேன். பாஸாகிவிட்டேன். பாய்லருக்குப் பொறுப்பேற்கத் தகுந்தவர்கள் என்று சர்க்கார் வைத்திருந்த புத்தகத்தில் என் பேரையும் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போட்டால் தேயிலை பேக்டரியில் நெருப்புப் பற்றவைக்கலாம்.

அப்புறம் சுதந்திரம் வந்தது. இந்தியாவுக்கும் வந்தது, சிலோனுக்கும் வந்தது. நடுவில் நின்ற எங்களைப் போன்றவர்களிடம், நீங்கள் இந்த ஊர்க்காரர்தானா, நிரூபியுங்கள் என்றார்கள். நிரூபிக்க முடியவில்லை. கப்பலேறினோம். அங்கே நான் இந்தியன் என்றார்கள். இங்கே வந்தால் என் படிப்பு சிலோன் படிப்பு என்றார்கள். ஆளையும் படிப்பையும் தனித்தனியாகப் பிரித்துப் பெயர் சூட்டிய வித்தையை இரண்டு தேசமும் பேசி வைத்துக்கொண்டு செய்த மாதிரி இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் மச்சான் வீட்டுப் பின்னறையில் குடும்பம். அவர் முகம் சுளித்ததே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் என் மனைவி எனக்கு ஒரு கரண்டி குறைத்தே போடுவாள். அண்ணன் வீட்டுச் சோறு என்று அவளுக்கு ஒரு கணக்கு.

அப்படியிருக்கும்போது மலைக்கு மேலே போடி மெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏலக்காய் முதலாளி தேயிலை பேக்டரி கட்டினார். எல்லைக்கு இந்தப் பக்கம் பேக்டரி, அந்தப் பக்கம் தோட்டம். கொழுந்து திருவாங்கூர்-கொச்சியில் முளைத்து, பெண்கள் தலையில் எல்லை தாண்டி, சென்னை ராஜ்ஜியத்தில் தூளாகும். முதலாளி வாங்கியிருந்த பாய்லரும் ஒரு வேடிக்கை. சிலோனில் ஏதோ தோட்டத்தில் கழித்துவிட்ட பழைய பாய்லர். தூத்துக்குடியில் இறக்கி, யானையை வைத்து மலையேற்றியிருந்தார்கள். என்னைப் போலவே அதுவும் அங்கிருந்து வந்தது, என்னைப் போலவே அதற்கும் தொந்தி. பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

மச்சான் எனக்காக முதலாளியிடம் பேசினார். முதலாளி சுற்றிவளைக்காத மனுஷர்.

"மதுரையிலருந்து பாய்லர் இன்ஸ்பெக்டர் வர்றாரு. பாய்லரையும் பாப்பாரு, ஒங்களையும் பாப்பாரு. சிலோன் படிப்பு செல்லும்னு அவரு எழுதிக் குடுத்துட்டா நீங்க இஞ்சினியரு, குவாட்டர்ஸ் ஒங்களுக்கு. இல்லைன்னா எனக்கு வேற வழி இல்லைங்க."

குவாட்டர்ஸ் என்றால் இரண்டு ஜன்னல் வைத்த சின்ன ஓட்டுவீடு. என் மனைவி ஜீப்பில் மேலே வந்து பார்த்தாள். உள்ளே போய் நின்றாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அடுத்த முறை வரும்போது ஒரு சின்ன ஜாடியில் உப்பும் மஞ்சளும் கொண்டுவந்து அடுக்களை மாடத்தில் வைத்துவிட்டாள். புது வீட்டுக்கு முதலில் போக வேண்டியது அதுதானே.

"இன்னும் வேலையே ஆகலையே" என்றேன்.

"நல்ல நாளு, வச்சிட்டேன். நீங்க போயி ஒங்க சோலியப் பாருங்க."

அந்த ஜாடியைப் பார்த்த பிறகுதான் மச்சான் கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு விடியற்காலையிலேயே பேக்டரிக்கு வந்துவிட்டேன். நான் பழகிய பட்டறையில் ஒரு முறை உண்டு. பாய்லருக்குள் நுழைந்து சுத்தியலால் தட்டிப் பார்க்காதவன் அதற்குக் கையெழுத்துப் போடக் கூடாது. இன்ஸ்பெக்டர் வரும்போது இஞ்சினியர் கரியும் துருவுமாக வெளியே வந்து நிற்க வேண்டும். கரி எவ்வளவு அதிகமோ அவ்வளவு மரியாதை. அரைக்கால் சட்டை, இடுப்பில் எண்ணெய் துடைக்கிற பஞ்சு வேஸ்ட்டு, கையில் சுத்தியல் இவற்றோடு, ஆள் நுழைகிற ஓட்டை வழியாக உள்ளே போனேன். தொந்தி கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று யோசித்தது. எப்படியோ போய்விட்டேன். உள்ளே ஒவ்வொரு தகடாகத் தட்டினேன். நல்ல சத்தம் வந்தது. பல மாதங்களாக என் மனசு அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. தலையை நீட்டினேன். கோட்டும் பூட்ஸுமாக ஒருவர் நின்றார். கையில் ஒரு தடித்த புத்தகம், பேனா. சொன்ன நேரத்துக்கு முன்பே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். முதலாளி அவருக்குப் பலகாரம் ஏற்பாடு செய்யப் போயிருந்தார். நான் ஓட்டையிலிருந்து வழுக்கி வெளியே விழுந்து, எழுந்து நின்றேன். பல்லைத் தவிர எல்லாம் கறுப்பு.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏம்ப்பா, ஒங்க இஞ்சினியர் எங்க? அவரைக் கூப்பிடு."

இந்த இடத்தில் ஒரு மனுஷன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான்தான் சார் என்று. மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட வரும். என் வாய் தானாகத் திறந்து, "இதோ கூட்டிட்டு வர்றேன் சார்" என்றது. சொன்னதோடு நிற்காமல் கால் ஓட ஆரம்பித்தது. நானும் வேறு வழியில்லாமல் அதன் பின்னாலேயே ஓடினேன்.

வாசலில், எனக்குத் துணையாக மலையேறி வந்திருந்த மச்சான்.

"என்ன மாப்ளே, எங்க ஓடுறீக?"

"இஞ்சினியரக் கூட்டிட்டு வரச் சொன்னாரு மச்சான்."

"நீங்கதானய்யா இஞ்சினியரு!"

"அது எனக்குத் தெரியும் மச்சான். அவருக்குத் தெரியாது."

"போயிச் சொல்ல வேண்டியதுதான?"

"கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டனே!"

மச்சான் தலையில் கை வைத்தார். ஆனாலும் வியாபாரி இல்லையா, சுதாரித்துக்கொண்டார். "சரி, வெரசா மூஞ்சியக் கழுவுங்க. கோட்டு எங்க? நான் கொண்டாறேன்" என்றார். தண்ணீர்ப் பீப்பாயில் தலையை முக்கினேன். கரி தண்ணீருக்குப் போகாது, மண்ணெண்ணெய்க்குத்தான் போகும் என்பது முப்பது வருஷ அனுபவத்தில் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. சிலோனில் நுவரெலியாக் குளிருக்குத் தைத்த கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, கம்பீரமாக உள்ளே நுழைந்தேன்.

"குட் மார்னிங் சார். நான்தான் இஞ்சினியர்."

அவர் கரி போகாத என் காதையே பார்த்தார். அப்புறம் அரைக்கால் சட்டையைப் பார்த்தார். கோட்டைப் பற்றி யோசித்த இரண்டு பேரும் காலைப் பற்றி யோசிக்கவில்லை.

"இப்ப ஒருத்தர் போனாரே, அவரு?"

"அவரும் நான்தான் சார்."

சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர் முகம் வாடிவிட்டது. காரியம் கெட்டுவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இருந்தாலும் நியாயமாகக் கேள்வி கேட்டார். வால்வு சிக்கினால் என்ன செய்வீர்கள், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று. சொன்னேன். தலையாட்டினார். பிறகு தகட்டுக் கனத்தைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார்.

"நாங்க அட்டவணையப் பாத்துத்தான் சார் எடுப்போம்."

"அந்த அட்டவணை எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

தெரியாது. தெரியாது என்றேன். அது எங்கள் படிப்பில் இருந்த ஓட்டை, ஆளே நுழையலாம்.

"எங்க காலேஜ்ல இருக்கிற பையன் இதைக் கண்ணை மூடிக்கிட்டுப் போடுவான் சார்" என்றார். என்னை சார் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். "ஆனா பாய்லருக்குள்ள போன்னு சொன்னா அப்பவும் கண்ணை மூடிக்குவான். என்ன செய்ய, அங்க ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரி."

என் சர்டிபிகேட்டை வெகுநேரம் படித்தார். அழுக்குப்படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க லிஸ்டுல கல்கத்தா இருக்கு, பம்பாய் இருக்கு, லண்டன் இருக்கு. கொழும்பு இல்லை."

"கேள்வி போட்டது லண்டன் சார். திருத்துனதும் லண்டன். எழுதுன மேசை மட்டும்தான் கொழும்பு."

"மேசை எங்க இருந்துச்சுங்கறதுதான் சார் இப்பக் கேள்வி. வெள்ளைக்காரன் இருந்த வரைக்கும் ஒரே கடை. இப்ப ரெண்டு கடையாயிருச்சு. ஒரு கடைச் சீட்டை இன்னொரு கடையில வாங்க மாட்டாங்க."

பிறகு அந்தத் தடித்த புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அனுபவத்தைப் பார்த்துத் தற்காலிகமாகச் சிபாரிசு செய்ய ஒரு வழி இருந்ததாம். ஆனால் நான் என்னைத் தேடிப் போயிருந்த இடைவேளையில் அவர் ஒரு வரி எழுதியிருந்தார். பொறுப்பு இஞ்சினியர் ஸ்தலத்தில் இல்லை. ஃபிட்டர் இருந்தார், வேலை தெரிந்தவர். அந்த ஃபிட்டரும் நான்தான்.

"மையில எழுதிட்டேன். அடிச்சா மதுரையில ஏன்னு கேப்பாங்க. நடந்ததை எழுதுனா..." அதை எழுத அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

அந்த வரி இல்லாமலிருந்தால் சிபாரிசு செய்திருப்பாரா, செய்திருந்தாலும் மேலே ஒப்புக்கொண்டிருப்பார்களா, எனக்குத் தெரியாது. தெரியாமலிருப்பது நல்லதா என்றும் தெரியவில்லை.

பாய்லருக்குப் பரீட்சை சுலபமாக முடிந்தது. தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றினோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. அதன் நெற்றியில் சிலோன் நம்பர் இருந்தது. பக்கத்திலேயே சென்னை நம்பர் அடிக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கிற வேலை. இன்ஸ்பெக்டர் வைத்த அச்சு கோணலாக நின்றது.

"நீங்க அடிங்க சார். ஒங்களுக்குத்தான் கை நிக்குது" என்றார்.

அடித்தேன். கோணாமல் விழுந்தது. பழைய நம்பரை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள்.

கீழே போடிக்கு வந்தோம். வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"பாய்லர் பாஸாயிருச்சு."

"நான் பாய்லரக் கேக்கல."

அவள் உள்ளே போய் இலை போட்டாள். அன்றைக்கு ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள். அதைத்தான் என்னால் தின்ன முடியவில்லை.

முதலாளி என்னை நெருப்புப் போடுகிறவனாக வைத்துக்கொண்டார். அதற்கு இந்தப் பக்கத்துப் பரீட்சை ஒன்றை எழுதிப் பாஸானேன். தமிழில் கேட்டார்கள். பாய்லர் என்றால் என்ன என்பதுதான் முதல் கேள்வி. மச்சானிடம் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஜன்னல் இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் சென்னையில் படித்த இளைஞர் ஒருவர் இஞ்சினியராக வந்தார். நல்ல பிள்ளை. அந்த அட்டவணை எப்படி வந்தது என்று கரித்துண்டால் தரையில் எழுதி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். என்னை அண்ணே என்பார். அவர் வருவதற்கு முன்னால் குவாட்டர்ஸைக் கூட்டிக் கழுவி வைக்க என் மனைவிதான் போனாள். நானும் கூடப் போனேன். மாடத்தில் ஜாடி அப்படியே இருந்தது. மலைச் சாரலில் உப்பு கசிந்து, மஞ்சள் அதில் ஊறி, பாதி ஜாடி மஞ்சள் தண்ணீராக நின்றது.

"கொட்டிட்டு வா, ஜாடியாவது நமக்கு ஆகும்" என்றேன்.

"வீட்டுக்குன்னு வச்சத எடுக்கக் கூடாது" என்றாள். ஜாடியைத் துடைத்து, அதே இடத்தில் வைத்தாள். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.