பிரஷருக்கு நான்தான் காரணம் என்றார்கள்

என் வீட்டுக்காரருக்கு பிரஷர் வந்ததற்கு நான்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்பினார்கள். அவர்கள் நம்பினால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நானும் நம்பினேன்.

செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில், அவருக்கு பேட்டரிக் கடை. வல்லம், அனந்தபுரம் பக்கத்து டிராக்டர் பேட்டரிகளெல்லாம் அவரிடம்தான் வரும். புதியதை விற்பதைவிடப் பழையதைப் பிரித்து மறுபடி ஓட வைப்பதில்தான் அவருக்குப் பெருமை. கடையின் பின்னறையில் அடுப்பைப் பற்றவைத்து, இரும்புக் கரண்டியில் காரீயத்தை உருக்குவார். பழைய தகடுகளைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவார். சாம்பல் நிறத் தூள் சட்டை, மீசை, காது மடிப்பு என்று எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சட்டைகளைத் துவைத்தவள் நான். ஆசிட் பட்டு விழுந்த ஓட்டைகளுக்காகச் சண்டை போட்டிருக்கிறேனே தவிர, தூளைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை மறைக்க ஒன்றுமில்லை. பால் பொங்கி வழிந்தால்கூட அதற்கு அவர்தான் பொறுப்பு என்று நிரூபித்துவிடுவேன். அவரும் லேசுப்பட்டவரில்லை, பதிலுக்குக் கத்துவார். காலையில் கத்திக்கொண்டு, மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற ரகம் நாங்கள்.

நாற்பத்தாறு வயதில் ஒருநாள் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தால், மேலே நூற்றெழுபது, கீழே நூற்றுப்பத்து. மாத்திரை எழுதிக்கொடுத்து, டென்ஷன் ஆகாமல் இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சாயங்காலமே என் நாத்தனார் வந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. சின்ன வயதிலேயே தாயை இழந்த தம்பியைத் தூக்கி வளர்த்தவர்.

"என் தம்பிக்கு பீடி உண்டா, குடி உண்டா? வூட்ல நிம்மதி இருந்தா பிரஷர் ஏன் ஏறுது?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார். கதவுப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது வீட்டில் நிம்மதி இல்லைதான். என் கொழுந்தனார் நிலத்தைப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கிணறு யார் பக்கம் என்பதில் தகராறு. தினமும் யாராவது பஞ்சாயத்து பேச வருவார்கள். அதனால் நாத்தனார் ஒரு முடிவு எடுத்தார்.

"நல்லது கெட்டது எதுவும் அவன் காதுல போடக் கூடாது. வூட்டுக்கு வந்தாத்தான டென்ஷனு? மதியம் இங்க வர வேணாம். கடையிலயே சாப்ட்டுட்டு, கடையிலயே செத்த நேரம் படுக்கட்டும். அங்கதான் அவன் நிம்மதியா இருக்குறான்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மறுநாளே சாப்பாட்டுக் கேரியர் வாங்கினேன். பாய், தலையணை, ஒரு சின்ன மின்விசிறி எல்லாம் கடைக்கு அனுப்பினேன். தகடு சுரண்டிய கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சாப்பிடுவார். காரீயம் உருக்கிய அதே பின்னறையில் பாயை விரித்துப் படுப்பார். தூளை மின்விசிறி கிளப்பிவிட்டுக்கொண்டிருந்திருக்கும். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. கொழுந்தனாரின் வக்கீல் நோட்டீஸ் வந்தது, ஒளித்துவைத்தேன். சென்னையில் படிக்கும் மகளுக்கு இரண்டு பாடத்தில் அரியர் விழுந்தது, நைனாவிடம் சொல்லாதே என்றேன். போன் வந்தால் தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசினேன். அவர் வீட்டுக்குள் வந்தால் டிவி சத்தத்தைக் குறைத்தேன். குழம்பு நன்றாக இல்லை என்று அவர் சொன்னால், ஆமாம் என்றேன்.

பிரஷர் இறங்கவில்லை. ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது. வீட்டிலேயே பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி தினமும் காலையில் அவர் கையில் சுற்றினேன். எண் வரும்வரை இரண்டு பேரும் மூச்சு விடமாட்டோம்.

"வாய மூடினா போதுமா? மூஞ்ச ஏன் உர்ருன்னு வெச்சிக்கினு இருக்குற?" என்றார் நாத்தனார். அதன்பிறகு சிரிக்கவும் பழகினேன்.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு என் வீட்டுக்காரருக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. கைப்பிடி தளர்ந்து ஸ்பேனர் நழுவியது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். வயதில் சின்னவராக ஒரு பெண் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். பல்லோரம் நீலக்கறுப்பாக ஒரு கோடு இருந்தது. என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். "இப்பல்லாம் கடையிலயேதான் மேடம். வூட்லேர்ந்து சாப்பாடு அனுப்பிடுறா. சாப்ட்டுட்டு அங்கியே படுத்துக்குவேன். டென்ஷன் இருக்கக் கூடாது பாருங்க."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்பது அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ரத்தப் பரிசோதனை முடிவு வர சில நாள் ஆனது. ரத்தத்தில் காரீயம், இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தது. மூச்சு வழியாகவும் சாப்பிடுகிற கை வழியாகவும் அது உள்ளே போகும், ரத்தக் குழாயையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிரஷரை ஏற்றும், எலும்பில் போய்த் தங்கிவிடும், அங்கிருந்து வெளியேற வருடக்கணக்காகும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"அப்போ, என்னால இல்லையா மேடம்?" என்று கேட்டேன். ஒன்றரை வருடமாக உள்ளேயே வைத்திருந்த கேள்வி. கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

டாக்டர் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவர். "காரீயம்தான் முக்கியமான காரணம். ஆனா மனசுல இருக்கிற கவலையும் சேர்ந்துக்கும். எல்லாருக்கும் டென்ஷன்ல பிரஷர் ஏறும், அப்புறம் இறங்கிடும். காரீயம் இருக்கிற உடம்புல அதே டென்ஷனுக்கு இன்னும் அதிகமா ஏறலாம்னு சொல்றாங்க. ரெண்டையும் குறைக்கணும்" என்றார்.

பின்னறையைப் பூட்டினோம். இனிமேல் புது பேட்டரி விற்பது மட்டும்தான். மறுபடி காரீயத்தைத் தொட்டால் மாத்திரையால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவருடைய பழைய உடுப்புகளை மற்றதோடு சேர்க்காமல் தனியாகக் கட்டித் தூக்கிப்போட்டேன்.

நாத்தனாரிடம் கேட்பதற்கு ஒன்றரை வருடமாக நிறையச் சேர்த்துவைத்திருந்தேன். வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானே அவன அங்க படுக்க வெச்சேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பாவமாக இருந்தது. நானும்தானே அனுப்பினேன் என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் மதியம் என் வீட்டுக்காரர் சாப்பிட வீட்டுக்கு வந்தார். சோப்புப் போட்டுக் கைகழுவி, தட்டின் முன் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் நான் சத்தமில்லாமல் பரிமாறினேன். அவர் சோற்றைத் தொடவில்லை.

"உண்மையச் சொல்லு. எனக்கு எத்தினி நாளு குடுத்திருக்காங்க?"

எனக்குப் புரியவில்லை. "இன்னாங்க சொல்றீங்க?"

"கட்டிக்கினு வந்ததுலேர்ந்து ஒரு வாரம் சேந்தாப்ல சண்ட போடாம நீ இருந்ததில்ல. ஒன்றரை வருஷமா ஒரு வார்த்த இல்ல. நான் வந்தா டிவிய கொறைக்கிற. போன எடுத்துக்கினு வெளிய ஓடுற. நான் இன்னா சொன்னாலும் ஆமாங்குற. சாவப்போற ஆளுகிட்டதான் இப்டி நடந்துக்குவாங்க. எனக்குத் தெரியாதா? மதியம் படுத்தா ஒருநாளும் தூக்கம் வர்லம்மே. நான் போய்ட்டா நீயும் பாப்பாவும் இன்னா பண்ணுவீங்கன்னுதான் மனசுல ஓடிக்கினு இருக்கும்."

 முதலில் அழுகை வந்தது. அதற்குப் பின்னாலேயே, ஒன்றரை வருடமாக அடக்கிவைத்த கோபமும் வந்தது. இதை அன்றைக்கே வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா என்று ஆரம்பித்தேன். நோட்டீஸை எடுத்துவந்து முன்னால் போட்டேன். மகளுடைய அரியரைச் சொன்னேன். அவருடைய தம்பியை, அக்காவை, கிணற்றை, யாரையும் விடவில்லை. அவரும் குரலை உயர்த்தினார். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள்.

நான் கத்திக்கொண்டே இருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.