ஒரே அமத்தலில் அழிந்த நகரம்

கற்பிட்டியில் விற்கக் கருவாடு எடுத்துவிட்டு மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தேன். மகள் பள்ளிக்கூடத்தில். அவளுடைய சூப்பர்ஹீரோ படத்து கேமை நானே போட்டேன். நகரம் முழுக்க இஷ்டப்படி பறக்கலாமாம்.

‘பழையதைத் தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா?’ என்று திரை கேட்டது.

இருபது வருஷ வியாபாரத்தில் பழைய சரக்கை நான் தொட்டதே இல்லை. ‘புதிது’ என்ற பொத்தானை அமத்தினேன். மறுபடியும் ஏதோ கேட்டது. வாசிக்காமல் அதற்கும் ஓம், சரி என்றேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அல்லாஹ்வே! புள்ள மூணு மாசமா வெளையாடினதெல்லாம் அழிஞ்சி போச்சே!"

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டேன்.

மகள் வந்து பார்த்தாள். கத்தவில்லை.

"வாப்பா, படத்துல அந்த வில்லன் கடைசி வரைக்கும் பாடுபட்டும் இந்த ஊர அழிக்க ஏலாமப் போச்சு. நீங்க சோறு திங்க வந்த நேரத்துல முடிச்சிட்டீங்க!"

அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை, பின்னேரத் தேத்தண்ணியும் ஊற்றித் தரவில்லை. அழிந்ததை மீட்கத் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். வில்லனுக்கும் வீட்டில் தேத்தண்ணி வேண்டும்.