மழைச் சத்தம் மட்டும் உள்ள பக்கம்

செத்துப்போனவளைச் சாமியாக்குவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், எனக்குப் பக்கத்துக் காம்பிராவில் இருந்தவள் அவள். தண்ணீர்ப் பீலியில் யார் குடம் முன்னால் என்று என்னோடு சண்டை போட்டவள். இப்போது தோட்டத்துக் கூட்டங்களில் அவள் பேசிய பேச்செல்லாம் புத்தகமாக வரப்போகிறது. அட்டையில் போட சிரித்த முகமாக ஒரு படம் வேண்டுமாம். அவள் சிரித்த படம் ஒன்றுகூட இல்லை.

புத்தகம் போடுகிறவர் பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்து வாத்தியார், ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன். அவள் கொப்பியில் எழுதிவைத்த மனுக்கள் அவரிடம் இருந்தன. பேச்சுகள் என்னிடம். கொழும்பில் வேலை செய்யும் தம்பி எனக்கு வாங்கித் தந்த போனில் இருந்தன. அவள் பேச எழும்பும்போதெல்லாம் "புடிடி" என்பாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வாத்தியார் வீட்டுக்குப் போய், போட்டுக் கேட்டு, கேட்டதை எழுதினேன். எனக்கு எழுத வரும். அலங்காரம் வராது.

முதல் நாளே தகராறு. "ஏங்கடி, ஒக்காருங்கடி" என்று அவள் தொடங்கியதை வாத்தியார் "அன்பார்ந்த சகோதரிகளே" என்று மாற்றியிருந்தார். அப்படி அவள் சொல்லியிருந்தால் ஓட்டுக் கேட்க வந்திருக்கிறாள் என்று நாங்கள் எழும்பிப் போயிருப்போம் என்றேன். பழையபடி மாற்றினார்.

எங்களைக் கூட்டி அவள் நடத்திய போராட்டம் தராசுக்காக. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசின் முகம் கணக்கப்பிள்ளையைப் பார்த்துத்தான் தொங்கும். முள் எங்கே நிற்கிறது என்று பறித்தவளுக்குத் தெரியாது. அவர் சொல்வதுதான் கிலோ. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தராசை எங்கள் பக்கம் திருப்புங்கள். அதுவரை வழக்கம்போல் பறிப்போம், ஆனால் சாக்கைக் கொக்கியில் மாட்ட மாட்டோம், பக்கத்தில் உட்கார்ந்திருப்போம் என்றாள். கை நீட்டக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. நாங்கள் பறித்த கொழுந்து எங்கள் கண் முன்னாலேயே சூடேறிச் சிவந்து போனது. அது எப்படி வலிக்கும் என்று பறித்தவளைக் கேட்க வேண்டும்.

மூன்றாம் நாள் நல்ல மழை. கணக்கப்பிள்ளை என் சாக்கைக் காலால் உதைத்தார். கொழுந்து சேற்றில் கொட்டியது. எல்லாரும் குனிந்து கொழுந்தைப் பார்த்தார்கள். நான் ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். அவர் நெற்றி பிளந்தது. பொலிஸ் வந்து, எறிந்தது இவர்தான் என்று, அங்கே பக்கத்தில் நின்ற சாக்குத் தூக்குகிற மனுஷனைக் கொண்டுபோனது. நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போனால் காம்பிராவும் போகும். உள்ளே இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் முன், தலையில் கட்டோடு நின்ற கணக்கப்பிள்ளையிடம் எங்கள் எல்லாருக்காகவும் அவள் மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினாள். போனில் அது தெளிவாக இருக்கிறது.

"கல்லெறிஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். எறிஞ்ச கை தானா மேல வரணும். நிக்கிறேன்."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. தகரத்தில் மழை. யாரோ இருமுகிறார்கள். திரும்பவும் மழை. கடைசியில் அவள், "சரி, வேலைக்குப் போங்க" என்கிறாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா, வெறும் மழைச் சத்தம்" என்றார் வாத்தியார். "போராட்டத்துக்கும் பேர் கெடும். வெட்டிருவமா?"

அந்த மழையைப் பிடித்துக்கொண்டு நின்றது என் வலது கை. கல்லை எடுத்ததும் அதுதான்.

பெரட்டு முடிந்த அன்றைக்கே அவள் போய் பொலிஸ் வாசலில் உட்கார்ந்தாள். சாக்குத் தூக்குகிறவரை விடும்வரை எழும்பவில்லை. ஆனால் அந்த மனுஷனைத் தோட்டம் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. ஒரு கிழமை கழித்துத் தராசு எங்கள் பக்கம் திரும்பியது. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

என்னை அவள் காட்டிக்கொடுக்கவே இல்லை. பீலியில் பார்த்தால் மட்டும், "தண்ணி புடிக்க வந்தியா, கையத் தூக்க வந்தியா?" என்பாள். "ஒன் கொடத்தப் பாருடி" என்பேன். சாகும்வரை இதே பேச்சு. கேட்கிறவர்கள் ஏதோ கிண்டல் என்று சிரிப்பார்கள்.

எனக்கு அவள்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. என் மனசு தானாகத் திருந்தட்டும் என்று அவள் காத்திருந்தாள். காத்திருந்த காலமெல்லாம் பழி சுமந்தது இன்னொருத்தர். அடிக்காமல் போராடுவதைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. என் பேரை அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை? கை என்னுடையது.

வெட்டலாமா என்று வாத்தியார் கேட்ட அன்றைக்கு, அப்படியே எழும்பிச் சந்தைக்குப் போனேன். அந்த மனுஷன் இப்போது அங்கே மரக்கறி மூட்டை இறக்குகிறார். தோளில் கோவா இலை நீட்டிக்கொண்டிருந்த மூட்டை. சொன்னேன். மழை, கல், போன் எல்லாம் சொன்னேன். மூட்டையை இறக்காமலே கேட்டார். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எங்கப்பா சாகுற வரைக்கும் நாந்தான் எறிஞ்சேன்னு நெனச்சாரு" என்றார். "எங்கிட்ட சொல்லி என்னக்கா ஆகப்போவுது? லயத்துக்குச் சொல்லுங்க."

அவ்வளவுதான். மூட்டையோடு நடந்துவிட்டார்.

திரும்பப் போய் வாத்தியாரிடம் வெட்ட வேண்டாம் என்றேன். மழையை எப்படி அச்சடிப்பது என்று கேட்டார். அவள் பேச்சுக்குக் கீழே நானே எழுதிக் கொடுத்தேன்:

"இந்த இடத்தில் யாரும் கை தூக்கவில்லை. கல்லெறிந்தவள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது நான். பொலிஸ் கொண்டுபோனவர் ஒன்றும் செய்யவில்லை."

வாத்தியார் இரண்டு தரம் வாசித்தார். பேனாவை எடுத்தார், பிறகு மூடி வைத்துவிட்டார்.

புத்தகத்தை அதே மடுவத்தில் வைத்து வெளியிடுகிறார்கள். லயத்து ஆட்கள் எல்லாரும் வருவார்கள். ஒரு பக்கம் வாசிக்க முடியுமா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.