மிளகாய் வத்தலுக்குள் காய்ந்த பாவாடை

மாசிப் பனிக்கு ஒரு வாடை உண்டு. நனைந்த சாக்கும் கரிசல் மண்ணும் மிளகாய் வத்தலும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏறுகிற வாடை அது. விளாத்திகுளத்துப் பக்கம் எங்கள் ஊரில் மழைக்குக்கூட நாங்கள் இத்தனை யோசித்ததில்லை. பனிக்குத்தான் தினமும் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உறைந்துபோன தேங்காயெண்ணெயை வெயிலில் வைத்தால் உருகுவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும், அடுப்போரம் வைத்தால் சீசா விரிசல் விட்டுவிடும். களத்தில் காயும் வத்தலைப் பொழுது சாய்வதற்குள் கூட்டி அள்ளிச் சாக்குப் போட்டு மூடாவிட்டால், விடியும்போது பாதி வெளுத்து, விலைபோகாத "சண்டு" ஆகிக் கிடக்கும். இதையெல்லாம்விடப் பெரிய பாடு என் நீலப் பாவாடை. இருந்தது ஒன்றே ஒன்று. சாயங்காலம் துவைத்துப் போட்டால், பனி குடித்து, விடியும்போது இன்னும் ஈரமாகத் தொங்கும்.

எழுபதுகளின் நடுவில், நான் நாலாவது படித்த வருசம். காயாதென்று துவைக்காமலே கட்டிக்கொண்டு போனதற்காக வாத்தியார் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். அம்மா கோபப்படவில்லை, நல்லதாய்ப் போயிற்று என்பதுபோல் பார்த்தாள். தீக்குச்சி அடுக்குகிற வேலைக்கு என் வயசுப் பிள்ளைகளை ஏற்றிப்போக, விடியுமுன்னே ஊருக்குள் வண்டி வரும்.

"ஏட்டி, தீப்பெட்டி ஆபீசுக்கு அழுக்குப் பாவாடையே போதும். நாளைக்கும் திருப்பி அனுப்புனாவன்னா, மறுநாளு நீ ஆபீசு வண்டியில ஏறிரணும்."

"அனுப்ப மாட்டாவ" என்றேன்.

பாவாடையைத் துவைத்து முறுக்கிப் பிழிந்தேன். பகலெல்லாம் வெயிலில் கிடந்த வத்தல் குவியலுக்குள் கைவிட்டால் சுடும். சாக்கை விலக்கி, அந்தச் சூட்டுக்குள் பாவாடையைப் புதைத்துவிட்டு, பனியையே ஏமாற்றிவிட்ட மிதப்போடு போய்ப் படுத்தேன். காலையில் எடுத்தபோது மொரமொரவென்று காய்ந்திருந்தது. உதறிக் கட்டிக்கொண்டு நடந்தேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் இடுப்பில் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

வகுப்பில் முதலில் பக்கத்துப் பிள்ளை தும்மினாள். அப்புறம் வரிசை முழுக்கத் தும்மல். "எவம்லே வத்தப்பொடி கொண்டாந்தவன்?" என்று கத்திய வாத்தியாரும் தும்மினார். நான் எழுந்து நின்றேன்.

"எம் பாவாடைதான் சார். வத்தலுக்குள்ள வச்சுக் காயப்போட்டேன்."

வகுப்பே சிரித்தது. "போ, வீட்டுக்குப் போயி மாத்திட்டு வா" என்றார்.

"மாத்த வேற கெடையாது சார். நான் வீட்டுக்குப் போவ மாட்டேன். சன்னலுக்கு வெளிய நின்னு படிக்கேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டே சன்னல் பக்கம் கையைக் காட்டினார். "நில்லு. ஆனா காத்து வர்ற பக்கம் நிக்காத" என்றார்.

சாயங்கால மணி அடிக்கும்வரை, எரிச்சலில் கண்ணீர் தானாக வழிய, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைவிடச் சத்தமாக வாய்ப்பாடு சொன்னேன். வெந்து சிவந்த என் இடுப்பில் மோரைத் தடவிய அம்மா, "பிடிவாதத்தப் பாரு கழுதைக்கு" என்றாள். ஆபீஸ் பேச்சை எடுக்கவில்லை. ஐந்தாவது முடியும்வரை எடுக்கவே இல்லை.

அந்தக் களத்தில் இன்று வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வரத்து இல்லையென்று பள்ளிக்கூடத்தையும் மூடியாகிவிட்டது. பேங்குக்குப் போனால் என் நரைத்த தலையைக் கண்டதும் கைநாட்டு மைப்பெட்டியை என் பக்கம் தள்ளுகிறார்கள். "பேனாவக் குடுங்க தம்பி" என்கிறேன். என் பெயர் நீளமானது. எனக்கு மெதுவாகத்தான் எழுத வரும். பின்னால் நிற்கிறவர்கள் நிற்கட்டும்.