பெரியப்பா துவக்குப் பார்க்கப் போன நாள்

எங்கள் பெரியப்பா தன் வாழ்நாளில் துவக்கெடுத்து ஒரு காகத்தைக்கூடச் சுட்டதில்லை. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடியில், அப்பா அம்மா பெரியப்பா பெரியம்மா நான் என்று எல்லோரும் ஒரே வீட்டில் நெருக்கியடித்து இருந்தோம். பல்கணியில் வந்து குந்தும் புறாக்களைக்கூட அவர் "சூ, போங்கோ" என்று மரியாதையாகத்தான் கலைப்பார். அப்படிப்பட்ட மனிசன் ஒரு சனிக்கிழமை துவக்குப் பார்க்கப் போகிறார் என்றால் வீடு என்ன பாடுபட்டிருக்கும்!

விசயம் குளியலறைக் குழாயில் தொடங்கியது. அது ஒழுகுகிறது என்று சொல்ல, பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கட்டடத்தின் சுப்பரிடம் போனார். சுப்பர் என்றால் கட்டடத்தைப் பராமரிப்பவர்; நிலக்கீழ் அறையொன்றில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர். பெரியப்பாவுக்கு ஆங்கிலம் எழுத வாசிக்க என் ஆசிரியையை விட நன்றாக வரும். ஆனால் இந்த ஊர் ஆட்கள் சொற்களை மென்று விழுங்குவதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே பத்து வயதில் நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர். சம்பளம் கிடையாது, அதிகாரம் மட்டும் நிறைய உண்டு.

சுப்பரின் மேசையில் ஒரு பழைய ரைபிளின் படம் கிடந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இது என்ன என்று கேட்டேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நகரத்தின் மேற்குப் பக்கம், ஏரிக்கரையில், துவக்குச் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்ததாம். அவருடைய தாய் இளம்பெண்ணாக அங்கே கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தாராம். தாய் போன வருடம்தான் இறந்துபோனார். அந்தத் தொழிற்சாலையில், தாய் நின்ற காலத்தில் செய்த துவக்கு ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. பேர்மிட் எல்லாம் எடுத்துவிட்டார். பக்கத்து நகரமான விட்பியில் ஒருவரிடம் இரண்டு துவக்குகள் இருந்தன. ஆனால் நாலைந்து துவக்கின் உறுப்புகளைக் கோத்து அசல் என்று விற்கிறவர்களும் உண்டாம். "பொய்யான ஒன்றை அம்மா என்று சொல்லி எப்படி மாட்டுவது?" என்று கேட்டார் கிழவர்.

பெரியப்பா நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"நம்பர் எத்தனை இடத்திலை அடிச்சிருக்கெண்டு கேள், பிள்ளை."

சுப்பருக்குத் தெரியவில்லை.

"அப்ப நான் வந்து பாக்கிறன் எண்டு சொல்லு."

இதில் ஒரு விளக்கம் தேவை. பெரியப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். பாட்டுக் கச்சேரி இல்லை, அரசாங்க அதிபரின் அலுவலகம். பயிரைக் காக்கத் துவக்கு வைத்திருந்த கமக்காரர்கள் வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வருவார்கள். துவக்கில் உள்ள நம்பரையும் பதிவேட்டில் உள்ள நம்பரையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்து வைப்பது பெரியப்பாவின் மேசை. அவர் கையெழுத்து வைக்காமல் ஒரு துவக்கும் வீடு திரும்பாது. ரொறன்ரோவில் அவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார்.

பெரியம்மா இதைக் கேட்டதும் அகப்பையைக் கீழே வைத்தார். "இஞ்சேருங்கோ, எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. துவக்குக் கிவக்கெண்டு ஜட்ஜுக்குத் தெரிய வந்தால் என்ன நினைப்பான்?" என்று கத்திவிட்டு, மனம் ஆறாமல் ஒரேயொரு ஆளுக்குப் போன் பண்ணினார். போதாதா? சோறு வேகுவதற்குள் கட்டடம் முழுக்கக் கதை பரவி, பெரியப்பா துவக்கு வாங்குகிறார் என்று ஆகிவிட்டது. ஒன்பதாம் மாடி அங்கிள் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அண்ணை, உதுக்குப் பயந்துதானே ஊரிலையிருந்து ஓடி வந்தனாங்கள்!"

"நான் வாங்கப் போகேல்லை, தம்பி. நம்பர் பாக்கப் போறன்."

ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் பெரியம்மா தானும் காவலுக்கு வருவதாக வெளிக்கிட்டார். காவலுக்குப் போகிறவர் ஏன் விடியவே எழும்பி முப்பது ரோல்ஸ் பொரித்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெரியப்பா, கேஸ் விசாரணைக்கென்று வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு சுப்பரின் வான் வண்டியில் முன்னுக்கு ஏறினார்.

விட்பியில் புது வீடுகள் வரிசையாக இருந்தன. விற்கிறவர் கராஜைத் திறந்து, ஒரு போர்வையில் இரண்டு துவக்குகளையும் கிடத்தினார். ஒன்று பளபளவென்று புதுச் சப்பாத்து மாதிரி இருந்தது. மற்றது மங்கி, கீறல் விழுந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. போதாததற்கு அதன் போல்ட்டில், அதாவது குண்டை உள்ளே தள்ளும் இரும்புத் தண்டில், இருந்த நம்பரின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் வேறு நம்பர் அடித்திருந்தது. பளபளப்பானதில் எல்லா நம்பரும் ஒன்று என்று விற்கிறவர் சொல்ல, சுப்பரின் கை தானாகவே அதற்குப் போனது.

பெரியம்மா காதுக்குள் வந்தார். "உது வடிவாயிருக்கு. உதையே எடுக்கச் சொல்லடி."

பெரியப்பா அவசரப்படவில்லை. என்னை ஒரு கவிழ்த்த வாளியில் இருத்தி, கையில் தாளும் பேனையும் தந்தார். பிறகு குனிந்து, பளபளப்பான துவக்கின் உடலில் இருந்த நம்பரை ஒவ்வொரு இலக்கமாக உரத்துச் சொன்னார். போல்ட்டில் இருந்ததைச் சொன்னார். துவக்கின் மரப்பகுதிக்கு அடியில் இருந்ததையும் சொன்னார். அந்தக் குரலை வீட்டில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கராஜே எழும்பி நிற்கும் போலிருந்தது. மூன்றும் ஒன்றுதான். சுப்பர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு போல்ட் நம்பரைப் பெருவிரலால் தடவினார். இன்னொருதரம் தடவினார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். நம்பரைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று தட்டுப்பட்டது.

"பழைய நம்பரை அராவி எடுத்துப்போட்டு இந்த நம்பரை அடிச்சிருக்கு. மரத்தையும் தேய்ச்சதிலை, அதிலை இருந்த முத்திரையெல்லாம் அழிஞ்சுபோச்சு." பிறகு மங்கிய துவக்கைக் காட்டினார். "இதிலை பார், வெட்டின நம்பரும் தெரியுது, புது நம்பரும் தெரியுது. பட்டாளத்திலை போல்ட் பழுதாப் போக வேறை போட்டிருக்கிறாங்கள். ஒண்டையும் ஒளிக்கேல்லை. கச்சேரியிலையும் அதுதான் முறை. பிழை வந்தால் கோடு கீறிப்போட்டுப் பக்கத்திலை எழுத வேணும். சுரண்டினவன் கள்ளன்."

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன், கள்ளன் உட்பட. விற்கிறவரின் காது சிவந்தது. "எல்லாத்தையும் சொல்லுறதே!" என்று பெரியம்மா என் தொடையில் கிள்ளினார். ஆனால் அந்த மனிதரும் குனிந்து, தன் விரலால் தடவிப் பார்த்தார். கடைசியில், தானும் இதை அசல் என்று நம்பித்தான் வாங்கியதாகச் சொல்லி அதைத் தூக்கி உள்ளே வைத்தார்.

மங்கிய துவக்கில் தொழிற்சாலையின் முத்திரையும் வருடமும் இருந்தன. தாய் அங்கே நின்ற வருடம்தான். சுப்பர் அந்த இடத்தைக் கையால் பொத்தினார். பிறகு பெரியப்பாவின் கையைப் பிடித்தார், பிடித்த கையை விடவேயில்லை. "சேர்" என்று கூப்பிட்டார். கனடாவில் பெரியப்பாவை யாரும் சேர் என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, நான் கண்டுபிடித்தது போல வாளியில் ஏறி நின்று கை தட்டினேன்.

திரும்பி வரும்போது வானுக்குள் ரோல்ஸ் மணந்தது. சுப்பர் உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாலாவதைச் சாப்பிட்டார். பெரியப்பா பழைய கமக்காரர்களின் கதைகளைச் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். அப்போது சுப்பர் கேட்டார்: உங்கள் பதிவேட்டில் இருந்த அத்தனை துவக்குகளும் பிறகு என்ன ஆயின?

"அதுவோ? பிரச்சினை தொடங்கி, பெடியள் இயக்கங்களுக்குப் போன வருசம், ஒரு மாசத்துக்குள்ளை ஆள் மாறி ஆள் வந்து, துவக்கைக் காணேல்லை எண்டு எழுதித் தந்திட்டுப் போச்சினம். ஒருத்தர் மிச்சமில்லை" என்றார் பெரியப்பா.

நல்ல பகிடி என்று சுப்பர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். பெரியம்மா மட்டும் ரோல்ஸ் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். நானும் வயிறு நோகச் சிரித்தேன். ஒரேயொரு கையுறையைத் தொலைத்ததற்கு அம்மா என்னை இரண்டு நாள் பேசியிருக்கிறார். வளர்ந்த மனிதர்கள், ஊரோடு சேர்ந்து, ஒரே மாதத்தில், ஆளுக்கொரு துவக்கைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பதா? என்ன கவனமில்லாத சனம் என்று நினைத்தேன்.